வெண்டை மஞ்சளாகிறது, உழவு இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவின் நிபோங் திபாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 40 அடி இடம் சும்மா கிடந்தது, களிமண். தமிழ்நாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து வரப்பு கட்டி, பாத்தி பிரித்து, வெண்டையும் மிளகாயும் போட்டேன். வெண்டை ஒரு சாண் வளர்ந்ததும் மஞ்சளாகி நின்றுவிட்டது. லாலாங் புல் வேறு விடாமல் முளைக்கிறது. மண்ணைக் கிளறும் சின்ன பெட்ரோல் இயந்திரம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சத்துக் குறைவு என்று யோசிக்கலாம். பழுப்பேறி, விரலால் உருவும்போது தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால், சாக்கடை வாடையும் அடித்தால், தண்ணீர் நின்று வேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பாத்தி கட்டிய விதத்தைக் கேட்டால் எனக்கு இதுதான் சந்தேகம்.

வீடியோக்காரர் மேல் தப்பில்லை. அவர் ஊரில் பாய்ச்சுகிற தண்ணீர் ஓடிவிடக் கூடாது. அதனால் வரப்பு உயரம், பாத்தி பள்ளம். நம் பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கேட்கவே வேண்டாம். அந்தப் பாத்தியை அப்படியே கவிழ்த்துப் போடுங்கள்: செடி மேட்டில், தண்ணீர் பள்ளத்தில்.

மேடு 4 அடி அகலம், 1 அடி உயரம். இரண்டு மேட்டுக்கு நடுவே ஒன்றரை அடி வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே மேட்டில் ஏற்றுங்கள். வாய்க்கால் தாழ்ந்த பக்கம் வடிந்தே ஆக வேண்டும். தேங்கினால் காய் வருவதற்கு முன் ஏடிஸ் கொசு பார்க்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள்!

இதற்கு ஒரு மம்பட்டி போதும், கடையில் சங்குல் என்று கேளுங்கள். பிடி உங்கள் நெஞ்சு உயரம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் இடுப்பு போய்விடும். புதுசுக்கு வாய் மழுங்கலாகவே இருக்கும், அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மழை பெய்த மறுநாளே கொத்தாதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பிசைந்த மாவு மாதிரி அமுங்கினால் அன்றைக்கு வேலை இல்லை. ஈரக் களியைக் கொத்தினால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

இயந்திரம் வேண்டாம் என்றதற்கு லாலாங்தான் முக்கியக் காரணம். அதன் கிழங்குவேர் மண்ணுக்குள் வெள்ளைக் கயிறு மாதிரி ஓடும். இயந்திரம் அதைத் துண்டு துண்டாக நறுக்கும். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஒன்றாக இருந்தது நூறாகும். நாலு பல் ஃபோர்க்கால் மண்ணைத் தளர்த்தி, வேரை முழுசாக உருவி வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்த இலையை மட்டும் வெட்டி மேட்டில் மூடாக்காகப் போடலாம்.

நம் ஊர் மண்ணில் பொதுவாகப் புளிப்பு (அமிலத்தன்மை) அதிகம். சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கலந்து, இரண்டு வாரம் கழித்து மக்கிய கோழி எரு போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன், கண் எரிந்தது. எரிச்சலாக வந்ததெல்லாம் எருவிலிருந்த தழைச்சத்து, காற்றோடு போய்விட்டது.

வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். சுமார் 45 நாளில் பூக்கும். பூத்த ஆறாம் நாள் காயின் நுனியைக் கிள்ளினால் டக்கென்று ஒடியும், அப்போதே பறித்துவிடுங்கள். மிளகாய்க்கு இப்போது அவசரப்படாதீர்கள். ஜனவரி வெயில் வரட்டும்.