காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. முடக்குவாதத்துக்காக எட்டு மாதமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் அதிக அளவில் ஆரம்பித்து, இப்போது தினமும் காலையில் 5 மி.கி. சென்ற மாதம் சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் வந்தது. "ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், காய்ச்சல் விடும்வரை போடாதே" என்று சித்தப்பா சொன்னதால் நிறுத்தினோம். மூன்றாம் நாள் வாந்தி, எழுந்து நிற்க முடியாத அசதி, பேச்சுகூடத் தெளிவாக இல்லை. மருத்துவமனையில் ஊசி போட்டு பாட்டில் ஏற்றியதும் மாலைக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று திட்டினார்களே தவிர, ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பதில்: நிறுத்தக் கூடாது. எந்தக் காய்ச்சலுக்கும், யார் சொன்னாலும், நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு அந்த மாத்திரை மிக அவசியமாகத் தேவைப்படுவதே காய்ச்சல் நாட்களில்தான்.

சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு எளிதில் எடுபடுகிறது. ஸ்டீராய்டு நோயெதிர்ப்பை மட்டுப்படுத்துவது நிஜம். மூட்டு வீக்கத்துக்குக் கொடுப்பதே அதற்காகத்தான். ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் எதிர்ப்பு சக்தி திரும்பி வந்துவிடாது. அந்த இரண்டு நாளில் உடம்பு இழப்பது வேறொன்றை.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை இறங்காமல் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. தொற்று வந்தால் ஆரோக்கியமான உடம்பு கார்டிசாலைக் குறைப்பதில்லை, பல மடங்கு கூட்டுகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் கிருமியோடு மோதும் வேகத்தில் நம் உறுப்புகளையே சேதப்படுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதே கார்டிசால்தான். தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்து, மற்ற மருந்துகளுக்கும் அது ஏறாத நோயாளிக்கு ஐசியூவில் நாங்கள் ஹைட்ரோகார்டிசோன் ஏற்றுவதும் உண்டு. அதுவும் ஸ்டீராய்டுதான்.

வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் மூளை, சுரப்பிக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. வேலையில்லாத சுரப்பி சுருங்கிப்போகிறது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கே அந்தக் காலை ஊன்றி ஓட முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். மாத்திரையை நிறுத்திய மறுநாளே சுரப்பி வேலைக்குத் திரும்பாது. முழுதாகத் தேற மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். காய்ச்சலில் உங்கள் அம்மாவின் உடம்பு கார்டிசால் கேட்டிருக்கிறது. சுரப்பியால் கொடுக்க முடியவில்லை. மாத்திரையும் போகவில்லை. வாந்தி, அசதி, குழப்பம் எல்லாம் அதனால் வந்தவை என்பதுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. மாலைக்குள் தேறியதைப் பார்த்தால் அந்த ஊசி ஹைட்ரோகார்டிசோனாகத்தான் இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. முடக்குவாதத்துக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு அற்புத மருந்தாக உலகுக்கு அறிமுகமானது 1949இல். அட்ரினல் ஹார்மோன்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952லேயே, அந்த மருந்தை நிறுத்திவிட்டு அறுவைசிகிச்சைக்குப் போன ஒரு நோயாளி ரத்த அழுத்தம் சரிந்து 'ஷாக்' நிலைக்குப் போனதை மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். எழுபது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த ஆபத்து. இன்னமும் மாத்திரைச் சீட்டில் 'கன்டினியூ' என்று ஒரே சொல்லைக் கிறுக்கி அனுப்புகிறோம். நிறுத்திவிட்டு வந்தால் நோயாளியைத் திட்டுகிறோம். மூட்டு மருத்துவர், வார்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறார். வார்டில் இருப்பவர்கள், மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார்கள். மருந்துக்கடையில் கவரின் மேல் '1-0-0' என்று எழுதிக் கொடுத்ததோடு முடிந்தது. கடைசியில் சித்தப்பா ஒருவர்தான் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

சரி, அடுத்த காய்ச்சலுக்கு வருவோம். தினசரி மாத்திரையை நிறுத்தாமல், காய்ச்சல் நாட்களில் அளவைக் கூட்டுவது பொது விதி. தினம் 5 மி.கி. பிரெட்னிசோலோன் எடுப்பவருக்கு, காலையில் 5, மாலையில் 5 என்று மொத்தம் 10 ஆக்குவது வழக்கம். காய்ச்சல் விட்டு உடம்பு தேறியதும் ஓரிரு நாளில் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம். உங்கள் அம்மாவுக்கு இதே அளவுதானா என்பதை மூட்டு மருத்துவரிடம் இப்போதே, காய்ச்சல் இல்லாத நாளில் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். "ஜுரம் வந்தால் எத்தனை மாத்திரை, எத்தனை நாள்?" இந்த ஒரே கேள்வி போதும். அளவு கூட்டுவது தொற்றுக்கு மருந்தல்ல என்பதையும் மறக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்கான ஆன்டிபயாடிக் தனியாக, சொன்ன நாள்வரை போக வேண்டும்.

வாந்தி வந்தால் கணக்கே வேறு. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடலாம். அதுவும் நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். கடுமையான வயிற்றுப்போக்குக்கும் இதுதான். ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே போக வேண்டும். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் நீங்கள் சொல்லவேண்டிய முதல் வாக்கியம்: "எட்டு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், இப்போது மாத்திரை உள்ளே தங்கவில்லை." காய்ச்சல், வாந்தி என்று ஆரம்பித்து இதைக் கடைசியில் சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். மருந்து அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.

காய்ச்சல் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குத் தொற்று தீவிரமாக இருந்தும் தெர்மாமீட்டர் கொஞ்சமாகவே காட்டும். வயிற்றுக்குள் பெரிய கோளாறு இருந்தும் வலி லேசாகத் தெரியும். அதனால் நாங்கள் பார்ப்பது வேறு அடையாளங்கள்: மூச்சு வேகமாக வாங்குகிறதா, நாடி வேகமாகத் துடிக்கிறதா, சிறுநீர் குறைந்ததா, கூப்பிட்டால் வழக்கம்போல் பதில் வருகிறதா. வீட்டில் பிபி கருவி இருந்தால் படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். நின்றதும் மேல் எண் 20க்கு மேல் இறங்கினாலோ கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ கிளம்பிவிடுங்கள். எப்போதும் 150 இருப்பவருக்கு இன்று 105 என்றால், எண்ணைப் பார்த்து "நார்மல்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு அது நார்மல் இல்லை என்பது வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொற்றே இல்லாமலும் வெள்ளை அணு எண்ணிக்கை கூடி இருக்கும். ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அணுக்களை ஸ்டீராய்டு ரத்த ஓட்டத்துக்குள் தள்ளிவிடுவதே முக்கியக் காரணம். அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதினால், "ஸ்டீராய்டால் கூடியிருக்குமா?" என்று கேளுங்கள்.

எல்லா ஸ்டீராய்டுக்கும் இந்த விதியா என்று பலர் கேட்பதால் ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மூச்சிரைப்புக்கோ அலர்ஜிக்கோ ஐந்து நாள், ஏழு நாள் என்று ஒரே ஒரு முறை எழுதிக்கொடுக்கும் மாத்திரையைச் சொன்ன நாளில் நிறுத்திவிடலாம். மூன்று வாரத்துக்குள் சுரப்பி பெரும்பாலும் தூங்கிப்போவதில்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் 'ஒரே ஒரு முறை' என்பதுதான் இங்கே முக்கியம். அதே ஏழு நாள் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏழு நாள்தான். வருடம் முழுக்கக் கூட்டினால் அது குறுகிய காலம் இல்லை. நடுவில் மூட்டுக்குள்ளோ இடுப்பிலோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஒரு ஊசியே பல வாரம் உடம்பில் வேலை செய்யும். கூடவே அதிக அளவு இன்ஹேலரும் இருந்தால் அதுவும் கணக்கு. இப்படித் துண்டு துண்டாக எடுப்பவர்களை யாரும் 'நீண்டகால ஸ்டீராய்டு நோயாளி' என்று குறித்து வைப்பதில்லை. அவர்களுக்கே தெரியாது. அறுவைசிகிச்சை அன்றைக்கோ பெரிய காய்ச்சலிலோ பிபி விழும்போதுதான் வெளியே வருகிறது. ஆகவே குறுகிய கால மாத்திரை நிறுத்தத்தக்கது. திரும்பத் திரும்ப வரும் குறுகிய கால மாத்திரையை உங்கள் அம்மாவின் மாத்திரையைப் போலவே நடத்த வேண்டும்.

இதைவிட மோசமானவர்கள் பெயரில்லாத பொடியும் மாத்திரையும் விற்பவர்கள். அம்மாவின் மூட்டுவலியைக் கேள்விப்பட்டு யாராவது ஒருவர் உங்கள் வீட்டுக்கும் வரத்தான் போகிறார். "மூலிகை, பக்கவிளைவே இல்லை, இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்திவிடலாம்" என்பார். அட்டை இல்லாமல் தாளில் மடித்த மாத்திரை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பா. பல வருடமாக வலித்த மூட்டு இரண்டே நாளில் வலிக்கவில்லை, பசி அள்ளுகிறது, சில வாரத்தில் முகம் உருண்டையாகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று உடனே சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளைச் சோதித்தபோது டெக்சாமெத்தசோன் கிடைத்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம், ஒரு சிட்டிகையில் எவ்வளவு போகிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. ஆளை அழைத்து வருபவருக்குக் கமிஷன் கிடைத்துவிடும். பொடி தீர்ந்த வாரம் நோயாளி மயங்கி வருவது எங்கள் வார்டுக்கு. அப்போதும் "நாட்டு மருந்துதான், சொல்ல வேண்டாம்" என்று டப்பாவை வீட்டிலேயே விட்டு வருகிறார்கள். தயவுசெய்து அந்த டப்பாவைக் கொண்டு வாருங்கள். யாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் திடீரென்று நிறுத்தாமல், கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

'இம்யூனிட்டி பூஸ்டர்' விற்பவர்களும் இதே கூட்டம்தான். உங்கள் அம்மாவின் மூட்டில் நோயெதிர்ப்பு ஏற்கெனவே எல்லை மீறித்தான் வேலை செய்கிறது. தொற்றைத் தடுக்க ஏதாவது செய்ய விரும்பினால் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மருந்து அட்டையைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது மாறிக்கொண்டே இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்ளசகார்ட், ஹைட்ரோகார்டிசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் ஒரே வகையை எழுதிவிடுவதும் நடக்கிறது.

இங்கிலாந்தில் 2020 முதல் இத்தகைய நோயாளிகளுக்குக் கைக்கு அடக்கமான ஒரு ஸ்டீராய்டு அவசர அட்டை கொடுக்கிறார்கள். உங்களுக்கு யாரும் தரவில்லை என்றால் நீங்களே ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளலாம்: அம்மாவின் பெயர், மாத்திரையின் பெயரும் அளவும், எப்போதிலிருந்து, 'திடீரென்று நிறுத்தக் கூடாது', 'வாந்தி, மயக்கம் என்றால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே', மருத்துவரின் எண். மருத்துவரிடம் காட்டி ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அம்மாவின் பர்ஸில் ஒன்று, உங்கள் போனில் ஒரு படம்.

இனி எப்போதும் மாத்திரைதானா என்று அம்மா பயந்தால், அதற்கும் பதில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க இந்த மாத்திரை என்று யாரும் சொல்லவில்லை. மூட்டு அடங்கியதும் மருத்துவர் 5லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரங்களாகக் குறைப்பார். சுரப்பி விழித்துவிட்டதா என்று பார்க்க காலை 8, 9 மணிக்குக் கார்டிசால் பரிசோதனை இருக்கிறது. அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன், கடைசி மாத்திரையிலிருந்து 24 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும்; இதைச் சொல்லாமல் அனுப்பிவிடுவார்கள், மாத்திரை போட்டுக்கொண்டு போனால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ரத்தம் கொடுத்த கையோடு மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். முடிவு குறைவாக வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சுரப்பி தேறிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை, மாத்திரை முழுதாக நின்றுபோயிருந்தாலும், காய்ச்சல் நாள் விதியும் பர்ஸில் இருக்கும் அட்டையும் அப்படியே தொடரட்டும்.