மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் அது சூடு அல்ல

"பெண்களுக்கு வரும் பெரிய நோய்களை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியம்மாவுக்கு மூன்று மாதம் முன்பே கண்டுகொண்டிருக்கலாம்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. சித்திரையில் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அப்போது மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை, நாள் முழுக்க நின்றபடி பழம் பிரிப்பார். உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். விடியும் முன்பே எழுந்து பாவாடையைத் தனியாக அலசி, கொடியில் ஒரு பழைய புடவைக்கு அடியில் காயப்போடுவாராம். ஆடிக்கு நான் போயிருந்தபோது அந்தப் புடவையை மடிக்க எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். விடாமல் கேட்டதும், "தீட்டு திரும்பி வந்துவிட்டதடி, இந்த வயதில் இதை எப்படி வெளியே சொல்வது?" என்றார்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து வருவது தீட்டே அல்ல. பலருக்கும் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்குச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் கருப்பை வாய்ப் புற்றுநோய், இரண்டாம் கட்டம். பெங்களூரில் தங்கிக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தோம்.

உறவுக்குப் பின் ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இவையும் அதே வகைதான். மார்பில் கட்டி தென்பட்டால், வலி இல்லையே என்று விடாதீர்கள். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அரைக் களி உருண்டையிலேயே வயிறு நிறைந்து, உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தால் சினைப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாயில் மருந்து தடவிப் பார்க்கும் பரிசோதனை உண்டு, இலவசம். ரத்தம் படத் தொடங்கிவிட்டால் அது மட்டும் போதாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நேராக மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். போக வெட்கமாக இருந்தால், பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணிடமாவது சொல்லுங்கள். அவரை அனுப்பும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் ஐம்பதைத் தாண்டிய பெண் யாரைப் பார்த்தாலும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறார்: "உனக்கு நின்று எத்தனை வருடமாகிறது? அதன் பிறகு ஏதாவது பட்டதா?"