ஒரு வளரும் நாடு மின்னாளுமைக்கு, அதாவது அரசுச் சேவைகளை இணையவழி வழங்குவதற்கு, தயாரா என்று எப்படிக் கணிப்பது?

ஐ.நா. தரவரிசையை மட்டும் பார்த்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொடங்க அது போதும்; முடிவெடுக்கப் போதாது.

193 உறுப்பு நாடுகளையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கும் ஐ.நா.வின் மின்னாளுமை வளர்ச்சிக் குறியீடு மூன்று விஷயங்களின் சராசரி: இணையவழிச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனிதவளம். சிக்கல் அந்தச் சராசரியில்தான். தலைநகரில் இணையம் பறக்கும், மலைக்கிராமத்தில் சிக்னலே இருக்காது. கூட்டி வகுத்தால் 'பரவாயில்லை' என்று வந்துவிடும்.

நானாக இருந்தால் ஒரே ஒரு சேவையை எடுத்துக் கடைசிவரை பின்தொடர்வேன். பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அதையே அச்செடுத்துக்கொண்டு கையெழுத்துக்கு அலைய வேண்டுமென்றால், மாறியது படிவம் மட்டும்தான். மருத்துவமனைப் பதிவு பதிவாளர் அலுவலகத்துக்குத் தானாகப் போகிறதா? எஸ்தோனியா 2001-இல் துறைகளின் தரவுத்தளங்களை இணைக்கும் எக்ஸ்-ரோடு அமைப்பைக் கொண்டுவந்தது இப்படிப்பட்ட இடைவெளியை அடைக்கத்தான். தரவு அந்தந்தத் துறையிடமே இருக்கும். தேவைப்படும்போது இன்னொரு துறை பாதுகாப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மின் கையொப்பம் சட்டப்படி செல்லுமா, தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டா என்பவை சீக்கிரம் சரிபார்த்துவிடக் கூடியவை. பணம்தான் சங்கடமான கேள்வி: வெளிநாட்டு நிதியுதவி நின்றபின் சர்வர் பராமரிப்பு யார் பட்ஜெட்டில் வரும்? (இங்கேதான் பலரும் நெளிவார்கள்.)

செல்போன் எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவர் சட்டைப்பையில் என்றால், மனைவியின் விண்ணப்பத்துக்கு வரும் ஓடிபி கணவர் வேலை முடிந்து திரும்பும்வரை அங்கேயே கிடக்கும்.