ஒரே பிரச்சினைக்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களே? மனநலச் சிகிச்சை பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: எந்த விளக்கத்தை நம்புவது, எந்தச் சிகிச்சைக்குப் போவது? ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

லிஃப்டில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஒரு ஆலோசகர் சிறு வயதில் நடந்ததைத் தேட வேண்டும் என்கிறார். இன்னொருவர் எண்ணத்தை மாற்ற வேண்டும் என்கிறார். மருத்துவர் மாத்திரை எழுதுகிறார். யார் சொல்வது சரி?

இதயமும் தைராய்டும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுமில்லை என்றால் மேலே படியுங்கள்.

மூவரும் மூன்று வெவ்வேறு மரபுகளிலிருந்து பேசுகிறார்கள். முதலாமவருக்குப் பின்னால் ஃப்ராய்ட் இருக்கிறார். மனதுக்குள் அடக்கி வைத்த மோதல்தான் வேறு வடிவம் எடுத்து அறிகுறியாக வெளியே வருகிறது என்பது ‘மனப்பகுப்பாய்வு’ எனப்படும் அவர் வழி. ப்ராயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1895இல் எழுதிய ஹிஸ்டீரியா நூலில் தொடங்கிய சிந்தனை அது. எண்ணத்தைப் பற்றிப் பேசுபவர் ஆரன் பெக், ஆல்பர்ட் எல்லிஸ் என்ற சிகிச்சையாளர்களின் மரபில் வருகிறார். மருத்துவர் மூளையின் வேதியியலைப் பார்க்கிறார். இவர்களோடு நான்காவதாக நடத்தைவாதிகளும் உண்டு. பயம் என்பது கற்றுக்கொண்ட ஒன்று, அதனால் அதை மாற்றிக் கற்கவும் முடியும் என்பார்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் இதைச் செய்தே காட்டினார். முயலைக் கண்டால் அலறும் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுவன் பீட்டர், தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். பிரச்சினையை எது தொடங்கிவைத்தது என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு அதை எது ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்காமலே போகலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும், சிகிச்சைக்குக் கைகொடுப்பதும் அதுதான்.

உங்கள் விஷயத்தில் நடப்பதைக் கவனியுங்கள். நெஞ்சு படபடக்கிறது. உடனே ‘மாரடைப்பு’ என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பே படபடப்பைக் கூட்டுகிறது. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் பீதித் தாக்குதலுக்கு (panic attack) கொடுத்த விளக்கம் இதுவே: உடலின் சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தவறாகப் படிப்பது. அப்புறம் படியில் இறங்கிப் போகிறீர்கள், நிம்மதியாக இருக்கிறது. ‘லிஃப்டைத் தவிர்த்ததால்தான் பிழைத்தேன்’ என்று மனம் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் கெட்டிப்படுகிறது.

ஆகவே பயத்தைத் தவிர்க்காமல் சந்திக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குவது நல்லது. ஆலோசகரின் அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். தலை சுற்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றும் ஆகாது. அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை உடம்பே தெரிந்துகொள்ள வேண்டும், வாய்வார்த்தை போதாது. பிறகு லிஃப்டில் ஒரு மாடி, அடுத்து இரண்டு மாடி. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மூச்சுப் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

என் மனைவிக்கு ஓசிடி (OCD, வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்). கதவைத் தொட்டால் அரை மணி நேரம் கை கழுவுகிறார். ‘கை சுத்தமாகத்தானே இருக்கு?’ என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ‘ஆமாம்’ என்று சொல்லாவிட்டால் அழுகிறார். நான் சொல்லலாமா, கூடாதா?

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ‘ஆமாம்’மும் அவருக்கு இன்னொரு கை கழுவல்தான். அந்த நேரத்துப் பதற்றம் தணிகிறது, சந்தேகம் மட்டும் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறது. அன்பினால்தான் செய்கிறீர்கள் என்று தெரியும். நோய் அந்த அன்பையும் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் அறிமுகப்படுத்திய முறை இன்றும் ஓசிடிக்கு முதல்நிலைச் சிகிச்சைகளில் ஒன்று. அச்சுறுத்தும் பொருளைத் தொட வேண்டும், ஆனால் கழுவக் கூடாது. கேட்கக் கொடுமையாக இருக்கும். நடைமுறையில் இப்படிப் போகும்: பயப்படும் விஷயங்களைச் சேர்ந்தே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். 40 மதிப்பெண் உள்ள ஒன்றில் தொடங்குவார்கள், ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்வோம். தொட்ட கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வப்போது ‘இப்போ எவ்வளவு?’ என்று கேட்பார்கள். 60க்கு ஏறலாம், சற்று நேரம் அங்கேயே நிற்கலாம், பலருக்கு மெல்ல இறங்கவும் செய்யும். இறங்காமல் போனாலும் பயிற்சி வீணில்லை. பதற்றத்தோடும் கழுவாமல் இருக்க முடிகிறது என்பதே பெரிய பாடம்.

இந்தச் சிகிச்சை தொடங்கும் முன் நீங்களாக, திடீரென்று பதில் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். அது தண்டனையாகத்தான் அவருக்குப் படும். ஆலோசகர் முன்னிலையில் இருவரும் பேசி முடிவெடுங்கள். அதன்பின் அவர் கேட்கும்போது, “இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு நாம பேசி வச்சிருக்கோம். கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் கூடவே இருக்கேன்” என்று சொன்னால் போதும்.

சிபிடி (CBT, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) என்றால் ‘பாசிட்டிவாக நினை’ என்பதுதானே?

இல்லவே இல்லை. ஆரன் பெக் மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வுள்ளவர்களின் கனவுகளை ஆராய்ந்து ஃப்ராய்டின் கருத்தை நிரூபிக்கத்தான் புறப்பட்டார். ஆனால் நோயாளிகளின் பேச்சுக்கு அடியில் வேறொன்று ஓடுவதைக் கண்டார்: தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றித் தானாக எழும் இருண்ட எண்ணங்கள். 1960களில் அதைச் சுற்றியே ஒரு சிகிச்சையை வளர்த்தார்.

இதில் எண்ணத்தை விசாரிக்கிறோம், வெள்ளையடிப்பதில்லை. தோழிக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை, ‘என்னை வெறுக்கிறாள்’ என்று தோன்றுகிறது. அதைத் தாளில் எழுதி, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று போடுங்கள், 90 விழுக்காடு என்று வையுங்கள். இதற்கு என்ன ஆதாரம்? எதிராக என்ன ஆதாரம்? வேறு காரணம் இருக்க முடியுமா? விசாரித்த பின் உண்மையிலேயே அவள் கோபமாக இருப்பது தெரியவரலாம். அப்போது எண்ணத்தை விட்டுவிட்டு, உறவைச் சரிசெய்யும் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

மகனுக்கு மனச்சிதைவு நோய் (schizophrenia). என் வளர்ப்புதான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா அம்மா?

உண்மை இல்லை. இந்தப் பழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனப்பகுப்பாய்வாளர், தாயின் குணம்தான் இந்நோயை உண்டாக்குகிறது என்ற பொருளில் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அதற்குள் ஏராளமான தாய்மார்கள் அந்தச் சுமையோடு வாழ்ந்துவிட்டார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சித்திரம் வேறு. மரபணு உட்பட, பிறப்பிலிருந்தே வரும் பாதிப்புக்குள்ளாகும் தன்மையோடு வாழ்க்கையின் அழுத்தங்கள் சேரும்போது நோய் வெளிப்படுகிறது. ஆனால் நோய் வந்த பிறகு வீட்டுச் சூழலுக்குப் பங்கு உண்டு. ஓயாத குறைகூறலும் அளவுக்கு மீறிய தலையீடும் இருக்கும் வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. குடும்பத்துக்கு நோயைப் பற்றிக் கற்றுக்கொடுத்துப் பேசும் விதத்தில் பயிற்சி தந்தால் அது குறையவும் செய்கிறது. தொடங்கிவைத்தது நீங்கள் இல்லை. நலமாக இருக்க உதவுவதில் உங்களுக்கு இடம் உண்டு. மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கான பயிற்சி எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மனச்சோர்வு மாத்திரையில் குறைகிறது என்றால் இது மூளைக் கோளாறுதானே? பிறகு பேச்சுச் சிகிச்சை எதற்கு?

தலைவலி மாத்திரையில் குறைவதால் தலைவலிக்குக் காரணம் மாத்திரைக் குறைவு என்றாகிவிடாது. மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது பல நேரம் மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடுதல். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

என் ஆலோசகர் எதுவும் சொல்வதில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாற்றிவிடலாமா?

அவர் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரின் வழியில் வந்தவராக இருக்கலாம். நிபந்தனையற்ற ஏற்பு, பிறர் நிலையிலிருந்து புரிந்துகொள்ளுதல், உண்மையாக இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால் மனிதர் தன் வழியைத் தானே கண்டுகொள்வார் என்றார் ரோஜர்ஸ். துக்கத்திலோ, வாழ்க்கையில் ஒரு முடிவெடுக்க முடியாமல் திணறும்போதோ இது அருமையான துணை. ஓசிடிக்கோ பீதிக்கோ இது மட்டும் போதாது என்பது என் கருத்து. மாற்றும் முன் அவரிடமே கேளுங்கள்: “என் பிரச்சினையை எது நீடிக்க வைக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அதற்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” நல்ல ஆலோசகர் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டு மூன்று அமர்வுகளில் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.