கெய்ரோ எப்படிக் காலியானது?

அன்புள்ள ஐயா,

சிகாகோவிலிருந்து மெம்ஃபிஸ் போகும் வழியில், இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள கெய்ரோ என்ற சிறுநகருக்குள் வண்டியைத் திருப்பினோம். கடைவீதி முழுக்கப் பூட்டிய கடைகளும் இடிந்த கட்டடங்களும்தான். 1969-இல் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்ததால் ஊர் அழிந்தது என்றார் உடன்வந்த நண்பர். அது சரியா?

கே., சிகாகோ

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்லும் காரணம் பலகாலமாகப் புழக்கத்தில் இருப்பதுதான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முன்னால் அது நிற்பதில்லை. கெய்ரோவின் மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது 1920-இல். அப்போது 15,203 பேர். 1950-இல் 12,123, 1960-இல் 9,348, 1970-இல் 6,277 என்று அது இறங்கியது. புறக்கணிப்பை யாரும் நினைத்தும் பார்க்காத 1950-களில் மட்டுமே 2,775 பேர் குறைந்துவிட்டார்கள். மாறாக, புறக்கணிப்பின் விளைவு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டிய 1970-களில் குறைந்தவர்கள் வெறும் 346 பேர்.

ஒஹையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுமிடத்தில், வெள்ளத் தடுப்புச் சுவர்களுக்கும் கரைகளுக்கும் நடுவே, கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல அமைந்த ஊர் அது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் வடக்குப் படையின் ஜெனரல் கிராண்ட் தமது தலைமையகத்தை அங்கே அமைத்ததற்கும் ஆறுகளின் அந்தக் கூடல்தான் காரணம். நீராவிப் படகிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து படகுக்கும் சரக்கை மாற்றுவதே ஊரின் பிழைப்பு. தெற்கே போகும் ரயில் பெட்டிகளையும் ஆற்றைத் தாண்டப் படகில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. 1889-இல் ஒஹையோவின் மேல் ரயில் பாலம் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. மர அறுவை ஆலைகளும் ரயில் வேலைகளும் இன்னும் முப்பது ஆண்டுகள் ஊரைத் தாங்கின என்றாலும், நின்று போகவேண்டிய ஊர் கடந்து போகும் ஊராக மாறத் தொடங்கியது அப்போதுதான். 1978-இல் நெடுஞ்சாலைப் பாலமும் ஊரை ஒதுக்கிக்கொண்டு போயிற்று.

இதனால் இனப்பகைக்குப் பங்கில்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 1909-இல் ஆயிரக்கணக்கானோர் கூடி வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை நடுத்தெருவில் கொன்ற ஊர் அது. 1962-இல் கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடிய ஜான் லூயிஸும் உள்ளூர் இளைஞர்களும் வெள்ளையருக்கு மட்டுமேயான நீச்சல்குளத்தின் முன்னால் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. எல்லோரையும் உள்ளே விடவேண்டிய நிலை வந்தபோது அந்தக் குளத்தை மூடினார்கள். பிற்பாடு சிமெண்டைக் கொட்டி நிரப்பியேவிட்டார்கள். தனக்கும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அடுத்தவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்ற இந்த மனப்பான்மைதான் கடைகளிலும் வெளிப்பட்டது. 1967-இல் ராபர்ட் ஹன்ட் என்ற இளம் கறுப்பினப் படைவீரர் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்ததையடுத்துக் கலவரம் வெடித்தது; வெள்ளையர்கள் ஆயுதக் குழு அமைத்தார்கள். 1969-இல் புறக்கணிப்பைத் தொடங்கிய கறுப்பின மக்களின் அமைப்பான ஐக்கிய முன்னணி கேட்டவற்றுள் முக்கியமானது கடைகளில் வேலை. தங்கள் காசை வாங்கிக்கொள்ளும் கடையில் தங்கள் பிள்ளைக்கு வேலையில்லை என்றால் அங்கே எதற்குப் போகவேண்டும் என்பது எளிய, நியாயமான கேள்வி. கறுப்பினத்தவரை வேலைக்கு வைப்பதைவிடக் கடையைச் சாத்துவதே மேல் என்று முதலாளிகள் பலர் முடிவெடுத்ததற்குக் கேட்டவர்களைக் குற்றம் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

2020 கணக்கெடுப்பில் கெய்ரோவில் இருந்தவர்கள் 1,733 பேர். 2010-இல் 2,831 பேர். விகிதத்தில் பார்த்தால் 1960-களைவிடவும் பெரிய சரிவு இது, ஏறத்தாழ 39 விழுக்காடு. உங்கள் நண்பரின் விளக்கத்தில் இதற்கு இடமே இல்லை. எல்ம்வுட், மெக்பிரைடு என்ற இரு அரசுக் குடியிருப்புகள் பல்லாண்டு நிர்வாகச் சீர்கேட்டால் எலியும் பூச்சியும் மண்டி வாழத் தகுதியற்றுப் போனதால், அவற்றை மூடப்போவதாக 2017-இல் மத்திய வீட்டுவசதித் துறை அறிவித்தது. அங்கிருந்த சுமார் 400 பேரில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள். வாடகை உதவிச் சீட்டு அவர்களுக்குக் கிடைத்தது; ஆனால் அதைக் காட்டிக் குடிபுக ஊரில் போதிய வாடகை வீடுகள் இல்லாததால், இருக்க விரும்பியவர்களிலும் பலர் வெளியூர்களுக்குப் போகவேண்டியதாயிற்று.