சம்பந்தியம்மா முகம் ஏன் சுருங்குச்சு?

கேள்வி: என் பொண்ணு நியூஜெர்சியில இருக்கா, மாப்பிள்ளை யூதர். சம்பந்தி ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டார், சம்பந்தியம்மா மட்டும்தான் இருக்காங்க. பொண்ணுக்கு இப்ப ஆறாம் மாசம், ஸ்கேன்ல பையன்னு சொல்லிட்டாங்களாம். வீடியோ கால்ல நான் ஆசையா "பேரனுக்கு எங்க வீட்டுக்காரர் பேரைத்தான் வைக்கணும்"னு சொன்னேன், அந்தம்மா முகம் சுருங்கிப்போச்சு, பேச்சையே மாத்திட்டாங்க. மாப்பிள்ளையோ சாமியே இல்லைங்கிறார், ஆனா வருஷத்துல ஒருநாள் பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கார், அவங்கப்பா நினைவு நாள்ல மெழுகுவத்தி ஏத்துறார். ஒண்ணும் புரியல. புள்ளை யூதனா வளருமா, இந்துவா வளருமா? பாஸ்ஓவர் பண்டிகைக்கு அங்கதான் இருப்பேன், முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போலாமா?
- ஒரு அம்மா, மண்ணடி, சென்னை

பதில்: அம்மா, மொதல்ல பேர் விஷயத்துக்கு வர்றேன், அதுதான் உள்ளுக்குள்ள குத்திக்கிட்டு இருக்கும் உங்களுக்கு. நமக்குத் தாத்தா பேரைத் தாங்குறவன்தான் பேரன், உயிரோட இருக்கிற தாத்தா பேரை வெச்சா அவருக்கு அது ஒரு பெருமை. உங்க சம்பந்தி வீடு போலந்து, ரஷ்யா பக்கத்துல இருந்து அமெரிக்கா வந்த குடும்பமா இருந்தா, அவங்களை அஷ்கெனாஸின்னு சொல்லுவாங்க, அவங்க வழக்கத்துல உசிரோட இருக்கிறவங்க பேரைக் குழந்தைக்கு வைக்கவே மாட்டாங்க. எமன் வந்தா ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்காங்கன்னு குழம்பி ஆளை மாத்தித் தூக்கிட்டுப் போயிடுவான்னு ஒரு பழைய பயம். நீங்க பெருமைன்னு சொன்னது அந்தம்மா காதுல அபசகுனமா விழுந்திருக்கும், அவ்ளோதான். (ஸ்பெயின், மொராக்கோ வழி யூதங்க, செஃபார்டின்னு பேரு, அவங்க நம்மள மாதிரியே தாத்தா இருக்கும்போதே பேர் வைப்பாங்க. இது பொண்ணு வாக்கப்பட்ட வீட்டைப் பொறுத்தது.)

ஆனா இன்னொண்ணு இருக்கு, உங்க லெட்டர்லயே இருக்கு, நீங்கதான் கவனிக்கல. சம்பந்தி போய் ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் அந்த வீட்ல பொறக்கப்போற புள்ளை இது. அவங்க வழக்கப்படி அந்தப் பேர் இந்தப் புள்ளைக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கும், அந்தம்மா வாய் விட்டுக் கேக்கல, நீங்க முந்திக்கிட்டீங்க. நம்ம வழக்கத்தை எடுத்தாக்கூட மொதப் பேரனுக்கு அப்பா வழித் தாத்தா பேர்தானே பல வீட்ல! ரெண்டு ஊர் சம்பிரதாயமும் ஒரே ஆளைத்தான் காட்டுது. அதனால நீங்களே போன் போட்டு "உங்க வீட்டுக்காரர் பேர்ல ஏதாச்சும் நெனச்சு வெச்சிருக்கீங்களா"ன்னு கேளுங்க. அவங்களுக்கு ஹீப்ரு பேர் ஒண்ணு, கூப்பிடுற பேர் ஒண்ணுன்னு ரெண்டு வைக்கிறது சகஜம், முழுப் பேரை வைக்காம மொத எழுத்தை மட்டும் எடுத்துக்கிறவங்களும் நெறைய. உங்க வீட்டுக்காரரோட அப்பா, அதாவது கொள்ளுத்தாத்தா பேர் ஒண்ணு இருக்குமில்ல, அவரும் போய்ச் சேர்ந்தவர்தானே, அந்தப் பேரை ரெண்டாவதா கேட்டுப்பாருங்க, யாருக்கும் பயம் இல்ல. ஆனா லேட் பண்ணாதீங்க, ஆண் குழந்தைன்னா எட்டாம் நாளே சுன்னத் பண்ணி அப்பவே பேரை அறிவிக்கிறது அவங்க முறை, பிரித் மிலான்னு சொல்லுவாங்க. அதைச் செய்யப்போறாங்களா இல்லையான்னும் பொண்ணுகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, அன்னிக்குப் போய் அதிர்ச்சி ஆகாதீங்க.

அப்புறம் வளைகாப்புக்கு அந்தம்மா குழந்தைக்கு ஒரு சட்டைகூட வாங்கிட்டு வரலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க. பொறக்குறதுக்கு முன்னாடி குழந்தைக்குச் சாமான் வாங்க மாட்டாங்க அவங்கள்ல பல பேர். நாமளும்தான் தொட்டிலை முன்கூட்டியே வாங்க மாட்டோம்.

இப்ப மாப்பிள்ளை. சாமி இல்லைங்கிறார், விரதம் இருக்கார், இது என்ன வேஷம்னு உங்களுக்குத் தோணுது. வேஷம் இல்லம்மா. யூதர்ங்கிறது மதம் மட்டும் இல்ல, ஒரு ஜனம், ஒரு வம்சம், நம்பிக்கை போனாலும் அது போகாது. 2020-ல பியூ ரிசர்ச் சென்டர் எடுத்த சர்வேல அமெரிக்க யூதங்கள்ல 27 சதவீதம் பேர் தங்களுக்கு மதம்னு ஒண்ணு இல்லன்னு சொல்லியிருக்காங்க, ஆனா மொத்தத்துல 62 சதவீதம் பேர் முந்தின வருஷம் பாஸ்ஓவர் விருந்துல (எகிப்து அடிமைத்தனத்துல இருந்து விடுதலை ஆனதைக் கொண்டாடுற பண்டிகை) உக்காந்திருக்காங்க. அவர் பட்டினி கெடக்குற நாள் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு கேக்குற நாள், சூரியன் மறையறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு மறுநாள் இருட்டுற வரைக்கும் சுமார் 25 மணி நேரம். அந்த மெழுகுவத்திக்கு யார்ட்சைட்னு பேரு, கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெச்சிருப்பாங்க, ஒரு நாள் முழுக்க எரியும். அதை அவர் இங்கிலீஷ் தேதி பாத்து ஏத்த மாட்டார், அவங்க பஞ்சாங்கப்படிதான், அது நிலாக் கணக்கு, 19 வருஷத்துக்கு 7 தடவை அதிக மாசம்கூட வரும். அப்ப அது என்ன, திதி தானே? நம்ம ஊர்லயும் ஜென்மத்துல கோயில் படி ஏறாதவர் அப்பா திவசத்துக்கு மட்டும் லீவு போட்டுட்டு வர்றதை நீங்க பாத்ததே இல்லையா?

புள்ளை யூதனா இந்துவாங்கிற கேள்விக்கு அவங்களுக்குள்ளயே ஒரே பதில் கெடையாது. பாரம்பரியச் சட்டப்படி அம்மா யூதரா இருந்தாத்தான் குழந்தை யூதர், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் ரெண்டு பிரிவும் அதைத்தான் சொல்லும், உங்க பொண்ணு மதம் மாறலைன்னா அவங்க கணக்குல பேரன் யூதன் இல்ல. ரிஃபார்ம் பிரிவு 1983-ல மாத்திடுச்சு, அப்பா மட்டும் யூதரா இருந்தாலும் போதும், ஆனா அப்படி வளர்க்கணும். வளர்க்கிறதுன்னு வரும்போது அது பெத்தவங்க ரெண்டு பேர் பேசி முடிக்கிற சமாச்சாரம், நீங்களும் சம்பந்தியம்மாவும் ஓட்டுப் போடுற விஷயம் இல்ல. மொட்டை, காதுகுத்துன்னு மனசுக்குள்ள லிஸ்ட் ஓடும், தெரியும், கேட்டுட்டுச் செய்ங்க, லீவுக்கு ஊருக்கு வந்தப்போ சொல்லாம கொள்ளாம தூக்கிட்டுப் போய் முடிச்சிட்டு வராதீங்க.

ஒண்ணு சொல்லவா, நீங்க எழுதுற மண்ணடிக்குப் பக்கத்துல பவளக்காரத் தெரு இருக்கே, அந்தக் காலத்துல லண்டன்ல இருந்து யூத வியாபாரிங்க பவளம் கொண்டாந்து வித்துட்டு கோல்கொண்டா வைரம் வாங்கிட்டுப் போன தெரு அது.

சரி, முறுக்கு. இதுல கொஞ்சம் நில்லுங்க. பாஸ்ஓவர்ல கோதுமை, பார்லி, ஓட்ஸ் மாதிரி அஞ்சு தானியத்துல எது புளிச்சாலும் கூடாது, மாட்ஸான்னு ஒரு காஞ்ச அப்பளம் மாதிரி ரொட்டிதான், மாவுல தண்ணி பட்டு 18 நிமிஷத்துக்குள்ள வெந்து வெளிய வந்துடணும். முறுக்குல கோதுமை எங்கன்னு கேப்பீங்க, உங்க பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க, கூட்டுப் பெருங்காயம்னா பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்! போதாததுக்கு அஷ்கெனாஸி வழக்கத்துல அரிசி, பருப்பு, உளுந்துகூட அந்த நாள்ல ஆகாது, கன்சர்வேட்டிவ் ரப்பிங்க, அதாவது அந்தப் பிரிவு மதகுருக்கள், 2015-லதான் பரவால்லன்னு சொன்னாங்க, வீட்டுக்கு வீடு மாறும். தேங்காய் பர்பி பண்ணுங்க, தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், அவ்ளோதான், கறி இருக்கிற விருந்து, கோஷர்னு அவங்க சாப்பாட்டு ஆசாரம் பாக்கிற வீடா இருந்தா பாலும் கறியும் சேராது, அதனால நெய்யும் வேண்டாம்.

போறதுக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாச்சும் போட்டுட்டுப் போங்க. நான் ஒரு தடவை ஒரு ஃப்ரெண்ட் வீட்ல உக்காந்திருக்கேன், எகிப்துல அடிமையா இருந்த கதையைப் படிச்சு முடிச்சு சோறு கண்ணுல பட ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் உப்புத்தண்ணில தொட்ட பார்ஸ்லி ஒரு கொத்துதான். வீட்லயே சின்னக் குழந்தை எழுந்து நின்னு "இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு"ன்னு ராகமா கேக்கணும், அங்க ஆறு வயசுப் பொண்ணு, பாதில மறந்துபோய் பாட்டியைப் பாத்துச்சு, பாட்டி உதட்டை மட்டும் அசைச்சாங்க. எகிப்துக்கு வந்த பத்து வாதையைச் சொல்லும்போது ஒவ்வொண்ணுக்கும் விரலை ஒயின்ல தொட்டு ஒரு சொட்டு தட்டுல வெச்சாங்க. ஏன்னு கேட்டேன், செத்தது எதிரி ஜனம்னாலும் நம்ம கிண்ணம் அந்த அளவுக்குக் குறையணுமாம்.

முறுக்கைச் சுட்டு எடுத்துட்டே போங்க, ஆனா டப்பாவைப் பெட்டியோட பூட்டி வைங்க. அங்க பண்டிகை எட்டு நாள். முடிஞ்சதும் திறங்க, எட்டு நாள் மாட்ஸா தின்னு நாக்கு செத்த மாப்பிள்ளை டப்பாவோட எடுத்துட்டுப் போயிடுவார்.