கசிவு எங்கே? வாசகர் கேள்வி, பட்டறை பதில்

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். சிறு விமானம் ஓட்டப் பயிற்சி எடுக்கிறேன். பறப்பதற்கு முன்னால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று இறக்கைக்கு அடியில் பெட்ரோல் எண்ணெய் பிடித்துப் பார்க்கிறோமே, அந்த சாம்பிள் கப் இப்போது ஒழுகுகிறது. முழங்கை வரை எண்ணெய் வழிகிறது. இடது இறக்கையின் வால்வும் பிடித்து முடித்த பிறகு சொட்டுகிறது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம் ஹார்ட்வேர் கடையில் ஒரு மலேசிய வெள்ளிக்குக் கிடைக்கும், அதைப் போட்டால் போதும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒழுகுவது எது என்று பிரித்துப் பார்ப்போம். கப் ஒழுகுவது வேறு, வால்வு ஒழுகுவது வேறு.

கப்பைக் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, டிஷ்யூ தாளின் மேல் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். தாள் நனைந்தால் பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறது. வெயிலில் காருக்குள் கிடந்த கப் நாளடைவில் நரம்பு நரம்பாகக் கோடு விட்டுவிடும். அதைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், பெட்ரோல் அந்தப் பசையைக் கரைக்கும். புதுக் கப் வாங்குவதுதான் வழி. மூடியும் ஜாடியுமாகத் திருகுகிற ரகம் என்றால், நடுவில் இருக்கும் வளையம் இறுகிப் போயிருக்கும். அந்தக் கப்புக்கு உரிய வளையத்தை மட்டும் மாற்றலாம். தாள் நனையவே இல்லையா? அப்படியானால் கப்பின் மேல் குற்றமில்லை, நீங்கள் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். நடுவில் உள்ள ஊசி வால்வுக்குள் நேராக ஏற வேண்டும். கொஞ்சம் கோணினாலும் எண்ணெய் கப்பில் விழாமல் கையில் இறங்கும்.

இனி வால்வு. உட்காரும் இடத்தில் மணல் துகள் ஒன்று மாட்டினாலே சொட்டும். கப்பை வைத்து மூன்று நான்கு முறை முழுசாக அழுத்தி எண்ணெயை வேகமாக ஓட விடுங்கள். பாதி நேரம் துகள் அதோடு போய்விடும். நின்றாலும் பட்டறையில் சொல்லிவிடுங்கள். நிற்கவில்லை, வால்வைச் சுற்றி நீலக் கறை படிந்திருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போய்விட்டது. அந்த விமானத்தை எடுக்காதீர்கள். அந்த வேலை உங்களுடையதும் அல்ல. உரிமம் பெற்ற பொறியாளர் செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய வேலை அது. ஆனால் அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். விமானத்தை வெளியில் நிறுத்தி, எர்த் கம்பி மாட்டி, அந்தப் பக்க டாங்கியைக் காலி செய்த பிறகே வால்வில் கை வைப்பார். பழைய ரிங்கை ஸ்குரூ டிரைவரால் நோண்டமாட்டார். அது உட்காரும் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ரிங்கும் ஒழுகும். அதனால்தான் விமானப் பட்டறையில் வேலை செய்தபோது நான் கூராகச் சீவிய மூங்கில் குச்சி வைத்திருந்தேன். திருகுமரையில் வெள்ளை டேப் சுற்றினால் நிற்குமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிய்ந்த நூல் ஒன்று எண்ணெயோடு போய் எங்கே அடைக்கும் என்று சொல்லவே முடியாது.

சரி, ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் அந்த ரப்பர் வளையம். என் அப்பா செபராங் பிறை பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். ரப்பரைத் தொட்டே வளர்ந்தவன் நான். பன்னிரண்டு வயதில், புல்வெட்டி இயந்திரத்தின் டாங்கி மூடிக்கு சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டேன். ஒரு வாரத்தில் அது நனைந்த ரொட்டி மாதிரி ஊதி, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. மரத்திலிருந்து வரும் ரப்பர் தண்ணீரைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. குழாய் வளையங்களில் நிறைய ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் வருகின்றன. அதுவும் தண்ணீருக்கு நல்லது, பெட்ரோலில் ஊதும். எண்ணெய்க்கு நைட்ரைல் வேண்டும். நம் நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் போகிறதே நீலக் கையுறை, அதே இனம். அதிலும் கவனம் தேவை. விமான எண்ணெய்க்கான ஓ-ரிங்கின் எண் எம்எஸ் 29513 என்று தொடங்கும், ஹைட்ராலிக் வேலைக்கானது எம்எஸ் 28775. இரண்டும் கறுப்பு. கையில் வைத்துப் பார்த்தால் எனக்கே தெரியாது. உறையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைத்த ரிங்கை நான் எடுத்ததே இல்லை.

கை நனைகிறது என்ற சலிப்பில் சாம்பிள் பிடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள் தம்பி, எனக்கு அதுதான் பயம். செஸ்னா 172 எஸ் ரகச் சிறு விமானத்தில் 13 இடத்தில் பிடிக்க வேண்டும், இறக்கைக்கு ஐந்து ஐந்து, வயிற்றடியில் மூன்று. பத்தாவதில் எல்லோருக்குமே சோம்பல் வரும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஓர் அக்டோபர் மாதம், மூன்று நாள் மழையில் வெளியில் நின்ற விமானம் ஒன்றில் நானும் ஒரு பயிற்சிப் பையனும் சாம்பிள் பிடித்தோம். கப்பில் கோடே இல்லை, குமிழே இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. "சுத்தமா இருக்குண்ணே" என்றான். கப்புக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். நீலம் இல்லை. சிறு விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலான அவ்காஸ் 100 எல்எல் இளநீலமாக இருக்க வேண்டும். கப் முழுக்கத் தண்ணீர்தான்! எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ, தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் அடியில் போய் உட்காரும். பாதி கப் தண்ணீர், பாதி எண்ணெய் என்றால் நடுவில் கோடு தெரியும். முழுக் கப்பும் தண்ணீர் என்றால் எந்தக் கோடும் தெரியாது. இறக்கை மேல் இருக்கும் டாங்கி மூடியின் ரிங் வெடித்திருந்தது, மழை அந்த வழியாக இறங்கியிருக்கிறது. நீலம் வரும் வரை வடித்தோம், பிறகு இறக்கையை ஆட்டிவிட்டு மறுபடியும் வடித்தோம். அன்று அந்த விமானம் பறக்கவில்லை.

கேள்வி: பிடித்துப் பார்த்த எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றலாமா? கொட்ட மனம் வரவில்லை.

பதில்: ஊற்றாதீர்கள். 100 எல்எல் எண்ணெயில் ஈயம் இருக்கிறது, லிட்டருக்கு 0.56 கிராம் வரை. புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற, புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிற வண்டியை அது கெடுத்துவிடும். புல் தரையிலும் வீசாதீர்கள். பட்டறையில் அதற்கென்று டின் இருக்கும், அதில் ஊற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள்.

கேள்வி: அங்கிள், நான் சுங்கை ஆராவில் இருக்கிறேன். காலமான என் அப்பா பள்ளியில் பேண்ட் வாசித்தவர். ஸ்டோர் ரூமில் அவருடைய கார்னெட், ட்ரம்பெட் மாதிரி ஊதுகிற பித்தளைக் கருவி, கிடைத்தது. வால்வு அசையவில்லை, ஊதினால் காற்றுதான் வருகிறது. தண்ணீர் வடிக்கிற சின்னச் சாவியில் கார்க்குக்குப் பதிலாக ஏதோ நீல ரப்பர் ஒட்டியிருக்கிறது. நீங்களும் பேண்டில் இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இதை மறுபடியும் வாசிக்க வைக்க முடியுமா?

பதில்: முடியும்மா. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

குறடு எதையும் எடுக்காதீர்கள். மூட்டுகளில் துருநீக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு வாரம் சும்மா வையுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊற வையுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மேற்பூச்சு உரியும். வால்வுகள் கழன்று வந்ததும் 1, 2, 3 என்ற எண்ணைப் பாருங்கள். இடம் மாற்றிப் போட்டால் காற்று போகாது. நாங்கள் பெரிய பையன்களின் கார்னெட்டில் வேண்டுமென்றே மாற்றிப் போட்டு அடி வாங்கியிருக்கிறோம். வாய் வைக்கும் பக்கத்துக் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அது. அங்கே தேய்த்தால் ஓட்டை விழும், அதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

அந்த நீல ரப்பர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் படகேறிப் பினாங்குத் தீவுக்கு வந்து படித்தேன். பேண்டில் எனக்குக் கார்னெட். ஆகஸ்ட் 31 சுதந்திர தின ஊர்வலத்துக்குப் பாடாங் கோத்தா திடலில் ஒத்திகை. ஒரு நாள் காலை என் கார்னெட்டில் மேல் சுரமே எழும்பவில்லை, உதடு போய்விட்டது என்று நினைத்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். பேண்ட் மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். சாவியின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு ஊதச் சொன்னார். சுரம் வந்தது. கார்க் தேய்ந்து காற்று போகிறது, அவ்வளவுதான். புதுக் கார்க் யாரிடமும் இல்லை. திடலோரம் அறுந்து கிடந்த நீலச் சிலிப்பர் ஒன்றை எடுத்து, பேனாக்கத்தியால் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக நறுக்கி ஒட்டினார். அந்த வருடம் முழுக்க அதோடுதான் வாசித்தேன். விரலால் அடைத்துப் பார்த்துக் கசிவைத் தேடுகிற பழக்கம் எனக்கு அங்கே வந்தது. பட்டறையில் சேர்ந்த முதல் நாளே அது கை கொடுத்தது. தம்பிக்கு மேலே வேண்டாம் என்று சொன்ன அதே ரப்பர்தான். மூச்சுக் காற்றில் குளிர்ந்து இறங்கும் தண்ணீருக்கு அது தாராளமாகப் போதும்.

அப்பா எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. சிலிப்பர் வெட்டிய கை எங்கள் மாஸ்டருடையது மட்டுமாக இருக்காது. நீங்களும் அந்தச் சாவியின் மேல் விரலை அழுத்தி ஊதிப் பாருங்கள். சத்தம் வந்தால் ரப்பர் இறுகிவிட்டது என்று அர்த்தம், ஜார்ஜ் டவுனில் இசைக்கருவி பழுது பார்க்கும் கடையில் புதுக் கார்க் போட்டுத் தருவார்கள். பழைய துண்டை அவர்கள் குப்பையில் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்னெட் பெட்டியிலேயே ஊதுவாய் வைக்கும் குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கும், அது அங்கே இருக்கட்டும்.